பரஸ்பர சம்மத விவாகரத்தும் எதிர்ப்பு விவாகரத்தும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் தோட்டத்து லைன் வீடு (தொழிலாளர் குடியிருப்பு), பச்சைத் தேயிலைப் பணம், பட்டா இல்லாத நிலம், ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த தாள் என்று மலையில் வரும் சிக்கல்கள் தனி. பதில்களில் பெரும்பாலானவை 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியவை. பழங்குடியினர், கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மியூச்சுவல் என்கிறார்கள், கன்டெஸ்ட் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பரஸ்பர சம்மத விவாகரத்தில் கணவனும் மனைவியும் ஒரே மனுவில் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு இதற்குரியது. யார் மேல் தப்பு என்று நீதிமன்றம் கேட்காது. ஓர் ஆண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்ற நிலை வந்திருக்க வேண்டும், பிரிவதென்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

எதிர்ப்பு விவாகரத்தில் ஒருவர் மனுதாரர், மற்றவர் எதிர்மனுதாரர். 13-ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றையாவது மனுதாரர் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் மனு தள்ளுபடி ஆகும், கல்யாணம் அப்படியே நிற்கும்.

"பிரிய இரண்டு பேருக்கும் சம்மதம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதை மியூச்சுவல் என்று எண்ணிவிடாதீர்கள். நகை யாரிடம், பணம் எவ்வளவு, பிள்ளை யாரோடு, ஏற்கெனவே போட்ட கேஸ் என்ன ஆகும் என்ற நான்கில் ஒன்று தொங்கினாலும் அந்தச் சம்மதம் பாதிதான். சம்மத மனுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த மீதிப் பாதியில்தான்.

எதிர்மனுதாரர் கோர்ட்டுக்கே வரவில்லை. அதுவும் சம்மதம்தானே?

இல்லை. அது எக்ஸ்பார்ட்டி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அவர் வராவிட்டாலும் மனுதாரர் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் காரணத்தை நிரூபித்தே ஆக வேண்டும். தீர்ப்பு வந்த பின்னும் 30 நாளுக்குள் அவர் மனுப் போட்டு, தகுந்த காரணம் காட்டினால் அதை ரத்து செய்ய வைக்கலாம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள், தீர்ப்பு அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும்.

மலையில் இது அடிக்கடி வினையாகிறது. தோட்டத்து முகவரிக்கு வரும் தபாலை ஆபீஸில் யாராவது வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அல்லது ஆள் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய் 2 வருடம் ஆகியிருக்கும், மனுவில் பழைய முகவரியே இருக்கும். அப்படி வாங்கிய தீர்ப்பை நம்பி மறுமணம் செய்தவர் நிலை மிகக் கஷ்டம். தற்போதைய முகவரியைத் தேடிக் கொடுங்கள். பழைய முகவரி, பெற்றோர் முகவரி, வேலை செய்யும் இடம் மூன்றும் தெரிந்தால் மூன்றையும் மனுவில் எழுதுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதிப் பிரிந்துவிட்டோம். அது போதாதா?

நோட்டரி கையெழுத்து, முத்திரைத்தாள், சாட்சிகள் எல்லாம் இருந்தாலும் அந்தத் தாள் மட்டும் விவாகரத்து ஆகாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. சமுதாய வழக்கப்படி நடக்கும் மணமுறிவை 29(2) பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) பெரியவர்கள் கூடி மணமுறிவைத் தீர்த்துவைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கம் இருக்கிறது, தொடர்ந்து கடைப்பிடிக்கப்படுகிறது, உங்கள் பிரிவும் அதன்படியே நடந்தது என்ற மூன்றையும், கேள்வி வரும் நாளில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வழக்கத்தை மனுவில் குறிப்பாகச் சொல்லி நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.

நிரூபணம் நிற்காவிட்டால் முதல் கல்யாணம் உயிரோடு இருப்பதாகப் பொருள். இரண்டாவது கல்யாணம் செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமும் ஆகிறது. இரண்டாவதாகக் கட்டி வந்த பெண்ணுக்குத்தான் இதில் அடி அதிகம்: குடும்ப அட்டை, பி.எஃப்., வாரிசுச் சான்று என்று எங்கே போனாலும் நிறுத்துவார்கள்.

பெரியவர்கள் முன் பேசி முடித்த விதிமுறைகளை வீணாக்க வேண்டாம். அவற்றையே ஒப்பந்தமாக மாற்றி 13பி மனு போடுங்கள். கடினமான பேச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அப்படிப்பட்ட மனுக்கள் சிக்கலில்லாமல் நகரும். ஒருவர் வர மறுத்தால், வழக்கப்படி மணம் முறிந்துவிட்டது என்று அறிவிக்கக் கோரிக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கருக்கு எந்தச் சட்டம்?

பட்டியல் பழங்குடியினருக்கு, மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை, இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. 2(2) பிரிவு சொல்வது அது. கல்யாணமும் பிரிவும் அவரவர் சமுதாய வழக்கப்படி. அலுவலகங்கள் தாள் கேட்டால், முந்தைய கேள்வியில் சொன்னபடி, மணம் முறிந்துவிட்டது என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்குதான் வழி. படுகர் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால் அவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தும்.

எந்த ஊர் கோர்ட்டில் போடுவது?

கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடம் என்ற மூன்றில் எதுவானாலும் சரி. மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது குடியிருக்கும் இடத்திலும் போடலாம். 2003-இல் வந்த திருத்தம் இது. ஈரோட்டில் கட்டிக்கொடுத்த கோத்தகிரிப் பெண், தாய்வீட்டில் இருந்துகொண்டே நீலகிரியில் வழக்கு நடத்தலாம். குடும்ப நல நீதிமன்ற எல்லைக்குள் வந்தால் அங்கே, இல்லையென்றால் சார்பு நீதிமன்றத்தில்.

கூடலூர், பந்தலூர் பக்கம் வயநாட்டிலும் நிலம்பூரிலும் சம்பந்தம் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவர் கேரளாவில் வழக்குப் போட்டுவிட்டால் அதை இங்கே மாற்ற உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு என்றால் சென்னை உயர் நீதிமன்றம் போதும்.

மியூச்சுவல் மனு எப்படி நகர்கிறது?

கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, இருவர் ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பிரிந்து வாழும் இரண்டு முகவரிகளுக்கான சான்று, கையெழுத்தான ஒப்பந்தம் ஆகியவற்றைச் சேர்த்து மனு தாக்கல் ஆகும். கல்யாணத்தைப் பதிவு செய்யாவிட்டாலும் மனு போடலாம், பத்திரிகையும் போட்டோவும் கைகொடுக்கும். சுயமரியாதைத் திருமணமும் தமிழ்நாட்டில் 7ஏ பிரிவின்படி செல்லுபடியானதே.

மனு நம்பர் ஆகாமல் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிப் பெயர், இனிஷியல் வேறு. "இன்னார் என்கிற இன்னார்" என்று இரண்டு பெயரையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

எண் கிடைத்ததும் அது ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) என்ற வரிசையில் வரும். முதல் விசாரணையில் இருவரும் நேரில் வர வேண்டும். ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்பலாம். மனு தாக்கலான தேதியிலிருந்து 6 மாதம் கழிந்தபின், 18 மாதத்துக்குள், இரண்டாம் விசாரணை. அன்றும் இருவரும் வர வேண்டும். யாராவது வற்புறுத்தினார்களா, ஒப்பந்தம் படித்துப் புரிந்ததா, பணம் கிடைத்ததா என்று நீதிபதி ஒவ்வொருவரிடமும் கேட்பார். பதில் தெளிவாக இருந்தால் தீர்ப்பு.

அந்த 6 மாதத்தைக் குறைக்க முடியுமா?

முடியும். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில், அந்தக் காலம் கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடும்போதே ஒன்றரை ஆண்டு பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், பணம், பிள்ளை உட்பட எல்லாம் உண்மையாகவே பேசி முடிந்திருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டுவது மட்டுமே என்று நீதிபதிக்குப் படவேண்டும். முதல் விசாரணை முடிந்து ஒரு வாரம் கழித்து இதற்கு ஐ.ஏ. (இடைக்கால மனு) போடலாம். கேட்டாலே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நீதிபதியின் விருப்புரிமை அது.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பிரிந்து வாழ்வதாகச் சொல்ல முடியுமா?

முடியும். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் அளவு, கூரை அல்ல. 1991-இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் விளக்கியது. இரண்டு அறை லைன் வீட்டில் போக வேறு இடம் இல்லாமல் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். எந்தத் தேதியிலிருந்து அப்படி என்பதை மட்டும் மனுவில் உண்மையாக எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

நிறைய ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: "இரண்டாம் மனுதாரருக்குச் சேர வேண்டிய நகைகளும் பணமும் சுமுகமாகப் பேசித் தீர்க்கப்பட்டன." படிக்க நன்றாக இருக்கிறது. எந்த நகை, எத்தனை பவுன், இப்போது யார் கையில், எந்தத் தேதியில் கைமாறியது என்று ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒருவர் "கிடைக்கவில்லை" என்றால் இந்த வரி யாருக்கும் உதவாது.

இப்படி எழுத வேண்டும்: "முதல் மனுதாரர் 4,00,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டார். 2,00,000 ரூபாய் மனு தாக்கலாகும் இன்று டி.டி.யாகத் தரப்பட்டது. மீதி 2,00,000 ரூபாய் இரண்டாம் விசாரணை நாளில் நீதிபதி முன் டி.டி.யாகத் தரப்படும்." கூடவே டி.டி. எண், வங்கி, தேதி. நகைக்குத் தனிப் பட்டியல்: ஆரம் 3 பவுன், வளையல் 2, மொத்த எடை இத்தனை கிராம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. பீரோ, கட்டில், பாத்திரம் போன்ற சீர்வரிசைக்கும் அப்படியே. நகை அடகில் இருந்தால் யார், எந்தத் தேதிக்குள் மீட்பது என்று எழுதுங்கள். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த நகையை மறந்துவிட்டுப் போட்ட ஒப்பந்தம் இரண்டாம் விசாரணையில் வாசலிலேயே உடைந்துபோகும்.

பணத்தை இரண்டு தவணையாகப் பிரிப்பது இரு பக்கத்துக்கும் காவல். முழுதும் முதலிலேயே கொடுத்தவர், மற்றவர் வராமல் போனால் தவிப்பார். எல்லாம் கடைசியில் என்றால் வாங்குபவர் 6 மாதம் பயத்தோடு இருப்பார்.

போட்ட கேஸ்கள் எல்லாவற்றையும் எண்ணோடு எழுத வேண்டும். குடும்ப வன்முறைச் சட்ட மனுவையும் ஜீவனாம்ச மனுவையும் போட்டவரே திரும்பப் பெறலாம். ஆனால் கணவர் வீட்டுக் கொடுமை என்று பதிவான எஃப்.ஐ.ஆர். அப்படியல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85. புகார் கொடுத்தவர் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அது முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும், அதில் மனைவி சம்மத அஃபிடவிட் தர வேண்டும். யார் செலவில், எந்தத் தேதிக்குள் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

பிள்ளையைப் பற்றிய பகுதியில் "வாரக் கடைசியில் பார்க்கலாம்" என்பது போதாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே கொண்டு வந்து விடுவது, மே மாத லீவில் எத்தனை நாள், ஸ்கூல் ஃபீஸ் யார், எந்த மாதம் கட்டுவது என்று எழுதுங்கள். பிள்ளைக்குரிய ஜீவனாம்சத்தைத் தாயோ தகப்பனோ "வேண்டாம்" என்று விட்டுக்கொடுக்க முடியாது. அது பிள்ளையின் உரிமை.

தேயிலைத் தோட்டமும் வீடும் இருக்கிறது. பாதி மனைவிக்கு வருமா?

தானாக வராது. யார் பெயரில் சொத்தோ அவருக்கே அது. கூட்டுப் பட்டா என்றால் அவரவர் பங்கு. மனைவிக்குக் கிடைப்பது ஜீவனாம்சம், ஒருமுறைத் தொகை, தன் நகை, சீர்.

நிலமாகவே கொடுப்பதென்று பேசி முடித்தால் தீர்ப்புக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரம் பதிவு செய்துவிடுங்கள். கணவன் மனைவியாக இருக்கும் வரை குடும்ப உறுப்பினருக்கான சலுகை முத்திரைக் கட்டணம் கிடைக்கும். தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் இருவரும் சட்டப்படி வேற்றாள்கள், கட்டணம் பல மடங்கு. ஒப்பந்தத்தில் "நிலம் கொடுக்கிறேன்" என்று எழுதிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால் பட்டா மாறாது.

கூடலூர், பந்தலூரில் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் இடங்களில் குடியிருப்பவர்கள் நிலத்தை விதிமுறையாக வைக்காதீர்கள். கையில் பட்டா இல்லாததை எழுதிக் கொடுக்க முடியாது. வீட்டில் யார் இருப்பது என்று மட்டும் எழுதி, மீதியைப் பணமாகப் பேசுங்கள்.

லைன் வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து, யாருக்கும் பங்கு இல்லை. ஆனால் சேர்ந்து குடியிருந்த வீட்டிலிருந்து மனைவியைத் திடீரென வெளியேற்றுவதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்ட்ரேட்டிடம் உத்தரவு கேட்கலாம். வீடு கணவர் பெயரில் இல்லை என்பதற்காக அந்தக் கதவு மூடாது. மாவட்ட சமூக நல அலுவலகமும் 181 எண்ணும் முதல் படி.

கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் மனம் மாறினால்?

தீர்ப்பு வரும் நொடி வரை சம்மதம் நீடிக்க வேண்டும். இடையில் ஒருவர் விலகினால் 13பி மனு அங்கேயே முடிந்தது. விலகுபவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். யோசிக்கத்தான் சட்டம் 6 மாதம் கொடுத்தது. அதன்பின் விவாகரத்து வேண்டுபவருக்கு 13-ஆம் பிரிவே வழி.

எதிர்ப்பு வழக்குக்கு எந்தக் காரணங்கள் நிற்கும்?

கொடுமை, தகாத உறவு, 2 ஆண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, மதம் மாறியது, தீராத மனநோய், தொற்றும் பால்வினை நோய், துறவு, 7 ஆண்டாக உயிரோடிருக்கும் தகவலே இல்லாமை ஆகியவை. தொழுநோயை 2019-இல் நீக்கிவிட்டார்கள். தகாத உறவு 2018 முதல் குற்றம் இல்லை, ஆனால் விவாகரத்துக் காரணமாக இன்றும் நிற்கிறது. மனைவிக்கு மட்டும் உள்ள காரணங்களும் சில உண்டு. கல்யாணமாகி ஓர் ஆண்டுக்குள் மனு போட முடியாது. அளவுமீறிய துன்பம் என்று காட்டினால் நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

"ஒத்துவரவில்லை", "மனம் ஒட்டவில்லை" என்பவை காரணம் ஆகா. திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்ற ஒன்றை வைத்து விவாகரத்துத் தர உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவில் அதிகாரம். 2023 மே மாதத் தீர்ப்பு அதை உறுதி செய்தது. உதகையில் அந்த வாதத்தை மட்டும் நம்பி மனு போட்டால் பலிக்காது.

கைவிட்டுப் போனது என்பதில் பலர் தவறுகிறார்கள். அடித்துத் துரத்தப்பட்டு வெளியேறியவர் கைவிட்டவர் ஆகமாட்டார். துரத்தியவர்தான் கைவிட்டவர்.

அந்த வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும்?

நோட்டீஸ் சேர்ந்து 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 21பி பிரிவு சொல்கிறது. நடப்பில் ஆண்டுக் கணக்கு. சம்மன் சேர்வது, வக்காலத்து, கவுன்டர் (எதிருரை), சமரசம், மனுதாரரின் ப்ரூஃப் அஃபிடவிட் (எழுத்து மூலச் சாட்சியம்), குறுக்கு விசாரணை, எதிர் சாட்சிகள், வாதம், தீர்ப்பு என்று ஒவ்வொரு படியிலும் வாய்தா. காலம் அதிகம் கரைவது சம்மனிலும் குறுக்கு விசாரணையிலும். முகவரி சரியாக இருந்து, சாட்சிகள் சொன்ன நாளில் வந்தாலே பாதித் தாமதம் குறையும்.

என்ன ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும்?

அன்றன்றைக்கு உண்டான தாளுக்கு மதிப்பு அதிகம். அடிபட்டு அரசு மருத்துவமனை போனால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. பக்கத்து லைனில் இருப்பவர் நேரில் பார்த்ததைச் சொன்னால் எடுபடும். அம்மாவும் அண்ணனும் கேள்விப்பட்டதைச் சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ என்றால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு போனை விற்றுவிடாதீர்கள். மூலக் கருவி வேண்டும். துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த போன் பேச்சையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கு நடக்கும்போது செலவுக்கு என்ன செய்வது? அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, தோட்டம்தான்.

24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள். வருமானம் இல்லாத கணவரும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். 2020-இல் வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பின் இருவரும் வருமானம், சொத்து, கடன் அஃபிடவிட் கட்டாயம் தர வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு.

சிறு விவசாயியின் வருமானம் மறைவது சுலபம், கண்டுபிடிப்பதும் சுலபம். இலை கொடுக்கும் தொழிற்சாலையில் அவர் பெயரில் மாதாமாதம் எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன விலை, முன்பணம் எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கு இருக்கும். பணம் வங்கியில் வரவாகும். அந்தக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லித் தொழிற்சாலைக்கு சம்மன் அனுப்ப நீதிமன்றத்தில் கேளுங்கள். உறைபனி விழும் ஜனவரி மாத ரசீது ஒன்றை மட்டும் காட்டி "இவ்வளவுதான் வருகிறது" என்பார்கள். முழு 12 மாதத்தையும் வைத்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். இலை மனைவி பெயரிலோ தகப்பனார் பெயரிலோ போகிறதா என்றும் பாருங்கள். கேரட், முட்டைக்கோஸ் குத்தகை இருந்தால் குத்தகைத் தாள், மண்டி பில். தோட்டத் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் போதும்.

மாஜிஸ்ட்ரேட்டிடம் ஜீவனாம்சம் தனியாகக் கேட்பது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. அதில் நிலுவை விழுந்தால், விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். "சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்" என்று 2 வருடம் விட்டவர்கள் பழைய மாதங்களை அந்த வழியில் வசூலிக்க முடியாமல் போகிறது.

பிள்ளை யாரிடம் இருக்கும்?

5 வயதுக்குள் சாதாரணமாகத் தாயிடம். அதற்குமேல் பிள்ளையின் நலன்தான் அளவு. படிப்பு, பாதுகாப்பு, பிள்ளையின் விருப்பம். சம்பாதிப்பவர் என்பதால் மட்டும் யாருக்கும் கிடைக்காது. வழக்கு முடியும் வரை பார்க்கும் உரிமைக்குத் தனி மனு போடுங்கள்.

எதிர்ப்பு வழக்கைப் பாதியில் மியூச்சுவலாக மாற்றலாமா?

மாற்றலாம். எந்தப் படியில் இருந்தாலும் சமரச மையத்தில் பேசி, ஒப்பந்தம் எழுதி, 13பி-க்கு மாற்றிக்கொள்ளலாம். குறுக்கு விசாரணைக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. கூண்டில் நிற்கவைத்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பிறகு மனம் இறுகிவிடுகிறது, பிள்ளைக்காகப் பேசுவதுகூடக் கஷ்டமாகிவிடுகிறது.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை.

பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ ஒரு மனு கொடுத்தால் போதும். தொலைபேசி 15100.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சர்ச்சில் பிரித்து வைத்துவிட்டார்கள்.

மறைமாவட்டத் தீர்ப்பாயம் தரும் ஆணை திருச்சபைக்குள் மட்டும் செல்லும். சட்டப்படி கல்யாணம் முறிய 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். 2001 திருத்தத்தில் வந்த 10ஏ பிரிவு பரஸ்பர சம்மதத்துக்கானது. அதில் பிரிவுக் காலம் 2 ஆண்டு என்று இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டாகப் படித்தது. தமிழ்நாட்டில் போடும் மனுவுக்கு 2 ஆண்டு கணக்கே பாதுகாப்பு. மனைவி தனியாகக் குடியிருக்கும் ஊரில் போடலாம் என்ற வசதியும் இந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. கல்யாணம் நடந்த இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து இருந்த இடம் பாருங்கள்.

முஸ்லிம்களுக்கு?

இருவரும் ஒத்துப் பிரிவது முபாரத். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது, 2019 சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. மனைவி 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். 2 ஆண்டு பராமரிக்காதது, கொடுமை உட்படப் பல காரணங்கள் அதில் உள்ளன. குலா (மனைவி தானே கேட்டுப் பெறும் மணமுறிவு) கேட்கும் பெண் குடும்ப நல நீதிமன்றத்துக்கே போக வேண்டும், தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் சான்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

மழையில் ரோடு அடைத்துவிட்டால் வாய்தாவுக்கு எப்படி வருவது?

கூடலூரிலிருந்து உதகை 50 கிலோமீட்டர். நடுவட்டத்தில் மரம் விழுந்தாலோ பர்லியாறு பக்கம் மண் சரிந்தாலோ பஸ் நிற்கும். காலை 10 மணிக்குள் வக்கீலுக்குச் செய்தி சொல்லுங்கள். அவர் மெமோ போட்டால் அன்று எக்ஸ்பார்ட்டி ஆகாமல் தப்பலாம். மரம் விழுந்த இடத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்குரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும், யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் மியூச்சுவல் மனுவின் இரண்டாம் விசாரணையை ஜூன், ஜூலையில் வைக்காமல் கேட்டு வாங்குங்கள்.

சின்ன ஊர். விஷயம் வெளியே தெரிந்துவிடுமே?

விசாரணை மூடிய அறையில் நடக்கும். விவரத்தை அச்சிட்டு வெளியிடுவது 22-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

தீர்ப்பு வந்தாயிற்று. எப்போது மறுமணம் செய்யலாம்?

குடும்ப நல நீதிமன்றம் தந்த பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை, எனவே காத்திருப்பும் இல்லை. எதிர்ப்பு வழக்கில் மேல்முறையீட்டுக் காலம் ஒரு சட்டத்தில் 30 நாள், இன்னொன்றில் 90 நாள். 90 நாளும் கழியட்டும். மேல்முறையீடு ஏதும் பதிவாகவில்லை என்று உயர் நீதிமன்ற இணையதளத்தில் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

சான்றிட்ட நகல் மூன்று வாங்கி வையுங்கள். ஒன்று குடும்ப அட்டையில் பெயர் பிரிக்க, ஒன்று பாஸ்போர்ட், வங்கி வேலைகளுக்கு, ஒன்று வீட்டுப் பெட்டியில். அந்த வாரமே பி.எஃப்., கிராஜுவிட்டி, எல்.ஐ.சி. நாமினிப் பெயரை மாற்றுங்கள். தீர்ப்பு வந்ததால் அந்தப் பெயர் தானாக மாறாது.